நிதி திரட்டும் சைக்கிள் பயணத்தில் சப்போர்ட் வண்டியில் போவது வெட்டி வேலையா?

நண்பர்கள் நெடுந்தூரம் சைக்கிளில் போய் நிதி திரட்டுகிறார்கள், பின்னால் வண்டியில் வரக் கூப்பிடுகிறார்கள், போனால் உபயோகம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் என்னைப் போல சைக்கிள் ஓட்டாதவர் என்றே நினைக்கிறேன். தாராளமாகப் போங்கள்.

நான் போனது 5 நாள் பயணம், தினமும் 120 கிலோமீட்டருக்கு மேல். யார் எத்தனை பாட்டில் தண்ணீர் வாங்கினார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிவந்தேன். மூன்றாம் நாள் மதியம் பாட்டிலை நீட்டியபோது ஒருவருடைய விரலைக் கவனித்தேன். வீங்கி, மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது. தலைவலி, குமட்டல் என்றார். வெயில்தான், இன்னும் தண்ணீர் குடி என்றார்கள் மற்றவர்கள். நோட்டைப் பார்த்தேன்: 4 மணி நேரத்தில் 750 மில்லி பாட்டில் எட்டு. அத்தனையும் வெறும் தண்ணீர். காலையில் கொடுத்த உப்புத் தின்பண்டம் பிரிக்காமலே அவர் சட்டைப் பையில் இருந்தது.

வியர்வையில் உப்பு போகிறது. உடம்பு வெளியேற்றுவதைவிட வேகமாகத் தண்ணீர் உள்ளே போனால் ரத்தத்தில் சோடியம் சரிந்துவிடும். முற்றினால் மூளை வீங்கும், உயிருக்கே ஆபத்து. தண்ணீரை நிறுத்தி, சைக்கிளை வண்டியில் ஏற்றி, நேராக மருத்துவமனைக்குப் போனோம். சோடியம் குறைவு என்றுதான் பரிசோதனையில் வந்தது. இன்னும் 40 கிலோமீட்டர்தானே என்று வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். மீதி இரண்டு நாளும் முன் சீட்டில் உட்கார்ந்து அந்த நோட்டை அவர்தான் எழுதினார்.

நீ என்ன டாக்டரா என்று யாராவது கேட்பீர்கள். இல்லை. அதனால்தான் நானே வைத்தியம் பார்க்காமல் கூட்டிப்போனேன். இது அபூர்வமான கோளாறும் அல்ல. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்தவர்களில் 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்தபோது 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த டீசல் காசையும் நன்கொடையில் சேர்த்திருக்கலாமே என்று என் சொந்தக்காரர் ஒருவர் எல்லோர் முன்னாலும் கேட்டார். டீசல், தங்கும் செலவு எல்லாம் நாங்கள் எங்கள் கையிலிருந்து போட்டது. திரட்டிய பணத்தில் ஒரு ரூபாய் தொடவில்லை. அந்தக் கேள்வி இன்றைக்கும் உறுத்துகிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். குழுவின் முதுகை ஒட்டி ஊர்ந்து வராதீர்கள், பின்னால் வரும் வண்டிகளுக்கு அது ஆபத்து. 30 கிலோமீட்டர் முன்னால் போய் நின்று, கடைசி ஆள் வந்து சேர்ந்த பிறகே கிளம்புங்கள். அப்புறம், பின் கியரைத் தாங்கும் ஹேங்கர் என்ற சின்ன உலோகத் துண்டு சைக்கிளுக்கு சைக்கிள் மாறும். விழுந்தால் முதலில் வளைவது அதுதான். ஒவ்வொருவரிடமும் மாடலைக் கேட்டு, ஆளுக்கு ஒன்று இப்போதே வாங்கி வையுங்கள். வழியில் எல்லாக் கடையிலும் கிடைக்காது.