ஒற்றைத் தலைவலியால் வேலைத்திறன் எவ்வளவு குறைகிறது என்று எப்படி அளப்பது?

லீவு போட்டதை மட்டும் எண்ணினால் பாதிக் கணக்குதான் கிடைக்கும். தலையைப் பிடித்துக்கொண்டே சீட்டில் உட்கார்ந்திருந்த நேரம் எந்த வருகைப் பதிவேட்டிலும் ஏறாது. 1993-இல் வெளியான டபிள்யூ.பி.ஏ.ஐ. (WPAI) கேள்வித்தாள், அதாவது உடல்நலக் குறைவால் வேலைத்திறனும் அன்றாடச் செயல்பாடும் எவ்வளவு குறைகின்றன என்று அளக்கும் கேள்வித்தாள், இரண்டையும் கணக்கில் எடுக்கிறது. ஆறே கேள்விகள், கடந்த 7 நாட்களைப் பற்றி மட்டும்.

வாரம் 40 மணி நேர வேலையில் 8 மணி நேரம் வலியால் வரவில்லை என்றால் இழப்பு 20%. மீதி 32 மணி நேரத்தில் வலி எவ்வளவு தடுத்தது என்பதற்கு 0 முதல் 10-க்குள் 5 என்கிறீர்கள். அதில் பாதி, 16 மணி நேரம், போச்சு. ஆக மொத்தம் 60%! வேலைக்கு வந்தபோது இழந்ததுதான் இதில் பெரும்பங்கு என்பதைக் கவனியுங்கள்.

சம்பள வேலை இல்லாதவர்களும் ஆறாவது கேள்விக்குப் பதில் சொல்லலாம். அது வீட்டு வேலை, கடைகண்ணி, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது பற்றியது.