லாரி போனாலே கத்தும் பைக் அலாரம்

கேள்வி: தெருவோரமாக பைக்கை நிறுத்துகிறேன். தண்ணீர் லாரி போனாலே அலாரம் கத்துகிறது, சில ராத்திரிகளில் காரணமே இல்லாமலும். பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள். சென்சிட்டிவிட்டியைக் குறைத்தால் வண்டியை யாராவது நகர்த்தினாலும் கத்துவதில்லை. கழற்றிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில் சீட்டைக் கழற்றி அலாரம் பெட்டி எதில் ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். பிளாஸ்டிக் பேனலில் டபுள் சைடு டேப் போட்டு ஒட்டியிருந்தால் பாதிக் கோளாறு அங்கேதான். லாரியின் உறுமலுக்கே அந்தப் பேனல் அதிரும், உள்ளே இருக்கும் ஷாக் சென்சாருக்கு அது லாரியா திருடனா என்று தெரியாது. பெட்டியைப் பிரித்தெடுத்து, ஃபிரேமின் இரும்புக் குழாயோடு சேர்த்து கேபிள் டை போட்டு இறுக்கிக் கட்டுங்கள், தளர்ந்த ஒயர் எதுவும் அதன்மேல் தட்டக் கூடாது. அப்புறம்தான் சென்சிட்டிவிட்டி. சீட்டை உள்ளங்கையால் தட்டினால் சும்மா இருக்க வேண்டும், ஹேண்டில்பாரைப் பிடித்து உலுக்கினால் கத்த வேண்டும், அந்த இடத்தில் நிறுத்துங்கள்.

மெதுவாக நகர்த்தினால் கத்தவில்லை என்பது வேறு விஷயம். ஷாக் சென்சாருக்குத் தெரிவது தட்டும் அதிர்வும்தான், பூப்போல ஸ்டாண்டிலிருந்து எடுத்தால் தெரியாமலே போகலாம். அதற்குச் சாய்வைப் பார்க்கும் டில்ட் சென்சார் உள்ள அலாரம் வேண்டும். அது அலாரத்தை ஆன் செய்யும்போது வண்டி நிற்கும் நிலையைக் கணக்கில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து மாறினால் கத்தும். மழையில் இளகிய மண்ணில் சைடு ஸ்டாண்ட் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினாலும் கத்திவிடும் என்பதால் சென்டர் ஸ்டாண்டே நல்லது.

காரணமில்லாமல் கத்துகிறது என்றீர்களே, வண்டிக்குக் கவர் போடுகிறீர்களா? காற்றில் படபடக்கும் கவரும், சீட்டில் குதித்து ஏறும் பூனையும் போதும். இரண்டும் இல்லையென்றால் பேட்டரியைச் சந்தேகப்படுங்கள். சில அலாரங்கள் வோல்டேஜ் இறங்கினாலும் யாரோ சாவி போட்டதாக நினைத்துக்கொள்ளும், பேட்டரி தளர்ந்திருந்தால் சைரன் இழுக்கும் கரண்டிலேயே வோல்டேஜ் விழுந்து மறுபடி கத்தும். அலாரம் 10 மில்லி ஆம்பியர் இழுத்தால், ஓட்டாமல் நிறுத்திய 10 நாளில் 2.4 ஏஹெச் (ஆம்பியர்-அவர், பேட்டரி கொள்ளும் சார்ஜின் அளவு) காலி. சின்ன பைக்குகளின் பேட்டரியே 3, 4 ஏஹெச்தான், சாதாரணமாக! வண்டியை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள், 12.6 வோல்ட் அளவில் இருந்தால் சரி, 12.2-க்குக் கீழே என்றால் முதலில் சார்ஜ் போடுங்கள், அப்போதும் வோல்டேஜ் தங்கவில்லை என்றால் மாற்ற வேண்டியது அலாரத்தை அல்ல, பேட்டரியைத்தான்.