நகரப் பூங்காவில் இலவசமாக நடக்கும் ஹலோவீன் நிகழ்வுக்குப் பிள்ளைகளோடு போகலாமா? எப்படி இருக்கும்?

தாராளமாகப் போகலாம். நான் கனடாவின் ரொறொன்ரோவில் இருக்கிறேன். எனக்குத் தெரிந்து இங்கே மிகவும் அருமையானது நகரின் மேற்குப் பகுதியிலுள்ள சொராரன் பூங்காவின் பூசணி அணிவகுப்பு. அதை வைத்தே சொல்கிறேன்.

இது ஹலோவீன் அன்று நடப்பதில்லை. மறுநாள், நவம்பர் 1ஆம் தேதி மாலையில் நடக்கும். முதல் நாள் இரவு வாசலில் வைத்திருந்த, முகம் செதுக்கிய பூசணிக்காயை ஆட்கள் அப்படியே தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பூங்காவின் நடைபாதை ஓரமாக வைத்து மறுபடியும் விளக்கேற்றுகிறார்கள். 2004இல் அந்தப் பகுதிவாசிகள் தொடங்கி வைத்தது, இப்போது ஆயிரக்கணக்கில் பூசணிகள் சேர்கின்றன. பிள்ளையைத் தள்ளிக்கொண்டு போகும் வண்டியில் பூசணி உட்கார்ந்திருக்கும், பிள்ளை பக்கத்தில் நடந்து வரும். இருட்டியதும் எல்லா முகங்களும் ஒன்றாக ஒளிரும்போது, மெழுகுவர்த்திச் சூட்டில் பூசணி லேசாக வேகிற வாசனையும் வரும். அது படத்தில் கிடைக்காது.

நுழைவுச் சீட்டு எதுவும் இல்லை. ஆனால் எனக்கு இது பிடித்துப்போனதற்குக் காசு காரணமில்லை. ஹலோவீன் என்றால் வீடு வீடாகப் போய்க் கதவு தட்டி மிட்டாய் வாங்குவதுதான் முக்கியம். தனி வீடுகள் உள்ள தெருவில் வளரும் பிள்ளைகளுக்கு அது எளிது. அடுக்குமாடியில் இருக்கிற, அதுவும் புதிதாக வந்த குடும்பத்துக்கு யார் கதவைத் தட்டுவது என்றே தயக்கமாக இருக்கும். பூசணியை வைக்க வாசலும் கிடையாது. பூங்காவில் இந்தத் தயக்கம் வராது. உங்கள் பூசணியும் மற்றவர்களுடையதோடு வரிசையில் இருக்கும், அது எந்த வீட்டிலிருந்து வந்தது என்று யாரும் கேட்கப் போவதில்லை. 2024இல் தீபாவளியும் ஹலோவீனும் ஒரே நாளில், அக்டோபர் 31இல் வந்தன. அந்த மாதிரி வருடத்தில் மறுநாள் நடக்கும் நிகழ்வு நம் வீடுகளுக்கு எவ்வளவு வசதி என்று சொல்லத் தேவையில்லை.

அதனால் சும்மா பார்க்க மட்டும் போகாதீர்கள், ஒரு பூசணியோடு போங்கள். சின்னதாக இருந்தாலும் போதும். "அது என்னுடையது" என்று பிள்ளை கை காட்டுவதற்கு ஒன்று அங்கே இருக்க வேண்டும்.

செதுக்குவது கஷ்டமில்லை. காம்புப் பக்கம் மூடியை வெட்டும்போது கத்தியை உள்நோக்கிச் சாய்த்து வெட்டுங்கள், நேராக வெட்டினால் மூடி உள்ளே விழுந்துவிடும். கத்தி வேலை பெரியவர்களுடையது, கண்ணும் வாயும் வரைவதும் உள்ளே சுரண்டுவதும் பிள்ளைகளுடையது. சீக்கிரமே செதுக்கி வைத்தால் அழுகத் தொடங்கிவிடும், ஓரிரு நாள் முன்பு செய்தால் சரி. இந்தப் பெரிய பூசணியின் சதை தண்ணீராகவும் நாராகவும் இருக்கும், கறிக்கு ஒத்துவராது. விதையை மட்டும் கழுவிக் காயவைத்து, உப்பும் மிளகாய்த்தூளும் சேர்த்து வறுத்துப் பாருங்கள்.

பிள்ளைகள் பயப்படுவார்களா என்றால், திடீரென்று பாய்ந்து பயமுறுத்துகிற பேய் வீடு மாதிரி ஒன்றும் கிடையாது. ஹலோவீன் அன்று போட்ட வேடத்தை மறுபடியும் போட்டு அழைத்துப் போகலாம். மிட்டாயை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

முடிந்ததும் பூசணியை அங்கேயே விட்டுவிட்டு வரலாம், நகராட்சி அள்ளிக்கொண்டு போய் உரமாக்குகிறது. குப்பைமேட்டில் புதைந்து அழுகினால் புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுதான் கிளம்பும். விளக்கு, கம்பி, ஒட்டிய அலங்காரங்களை மட்டும் மறக்காமல் கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் நேரம். நவம்பர் தொடக்கத்தில் இங்கே மாலை ஆறு மணியளவில் சூரியன் மறையும். நவம்பர் 1 ஞாயிற்றுக்கிழமையாக வந்தால் அன்றுதான் குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்தள்ளுவார்கள், அப்போது ஐந்து மணிக்கே மறைந்துவிடும். காரை விட 504 ஸ்ட்ரீட்காரில் (தெருவில் ஓடும் டிராம்) வந்து ரொன்சஸ்வேல்ஸ் தெருப் பக்கம் இறங்கி நடப்பது நிம்மதி. நகரின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவிலிருந்து அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால், நகரத்தின் வேறு பூங்காக்களிலும் இதே மாதிரி நடக்கிறது, உங்களுக்குப் பக்கத்தில் எது என்று அக்டோபர் கடைசியிலேயே பார்த்து வையுங்கள்.