தென்னாப்பிரிக்காவில் இருந்துகொண்டு தமிழ் நாவலை முடித்து வெளியிட முடியுமா?

முடியும். நான் டர்பன், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். இரண்டு புத்தகம் போட்டிருக்கிறேன். நீங்களும் பாதி நாவலைக் கணினியில் வைத்துக்கொண்டு, "முடித்தாலும் இங்கே யார் படிப்பார்கள்?" என்று தயங்குகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

எனக்கு அந்தத் தயக்கம் ஆறு வருடம் இருந்தது. என் ஆயா (பாட்டி) சொன்ன, டர்பனுக்கு வடக்கே உள்ள டொங்காட் ஊரின் கரும்புத் தோட்டத்துக் கதைகள் ஒன்பது அத்தியாயத்தோடு நின்றுபோயின. முடிக்க வைத்தவர் என் அக்கா. அவருக்குத் தமிழ் கேட்டால் புரியும், படிக்கத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் போனில் ஒரு அத்தியாயம் வாசித்துக் காட்டுவேன். ஒரு வாரம் எழுதவில்லை என்றால், "கேசவன் மில்லுக்குப் போனானே, அப்புறம்?" என்பார். அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டுமே என்றே எட்டு மாதத்தில் முடித்தேன். உங்களுக்கும் அப்படி ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். அவர் இலக்கியம் படித்தவராக இருக்க வேண்டியதில்லை.

அச்சில்தான் அடிபட்டேன். 300 பிரதி அடித்தோம். அச்சகத்தில் தமிழ் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. புத்தகப் பக்கங்களை வடிவமைக்கும் இன்டிசைன் மென்பொருளில் தமிழுக்கு 'வேர்ல்டு ரெடி கம்போசர்' என்ற அமைப்பைப் போட வேண்டும். போடாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். புத்தகம் வந்தபோது கேசவன் எல்லாப் பக்கத்திலும் 'கசேவன்'. அன்று இரவு நான் சாப்பிடவில்லை. புத்தகத்தின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.-க்கும் தனியாகப் பணம் வாங்கியிருந்தார்கள். அந்த எண்ணைத் தேசிய நூலகம் இலவசமாகவே தருகிறது, நீங்களே விண்ணப்பிக்கலாம். எல்லா அச்சகமும் அப்படி என்று சொல்லவில்லை, நல்லவர்களும் இருக்கிறார்கள். ஆனால் தாளில் அச்சடித்த மாதிரியை வரிவரியாகப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். நான் முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுச் சரி என்றேன்.

இரண்டாவது புத்தகத்துக்கு 60 பிரதிதான் அடித்தேன். இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம். இது தமிழுக்குத் துரோகம் என்று இங்கே யாராவது எழுதுவார்கள் என்று தெரியும். 1860-இல் தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து டர்பனுக்குக் கப்பலில் வந்து இறங்கியவர்களின் ஆறாம் தலைமுறை ஆங்கிலத்தில்தான் யோசிக்கிறது. அந்தப் பிள்ளைகளைக் கைவிட எனக்கு மனம் வரவில்லை. புத்தகம் வருவதற்கு முன்பே, என் குரலில் மூன்று மூன்று நிமிடமாகப் பதிவு செய்து குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் போட்டேன். கேட்டவர்கள்தான் வாங்கினார்கள். 60-உம் நான்கு மாதத்தில் போய்விட்டது. வெளியீட்டு விழாவுக்குச் செலவழிக்காதீர்கள். மாலை போடுகிறவர்கள் புத்தகம் வாங்குவதில்லை. தமிழ் மின்னூலைக் கிண்டில் ஏற்கிறது, அதையும் போட்டுவிடுங்கள்.

விலை வைக்கும்போது வரியை மறக்காதீர்கள். இந்த நாட்டில் பிரவுன் ரொட்டிக்கு வாட் (விற்பனை மீதான வரி) இல்லை, புத்தகத்துக்கு 15 சதவீதம் உண்டு. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், படிக்கப் பிள்ளைகள் உருவாகாததைத்தான் பொறுக்க முடியவில்லை. எங்கள் பக்கத்துக் கோயிலில் புது ஒலிபெருக்கி வாங்கப் பணம் இருக்கிறது, ஞாயிறு தமிழ் வகுப்புக்கு ஆசிரியர் வைக்க மட்டும் இல்லை. பிள்ளைகள் தேவாரத்தை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் பாடுகிறார்கள். இரண்டு வருடமாகக் கமிட்டியிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். சம்பளம் வேண்டாம், நானே வந்து சொல்லித் தருகிறேன் என்றுகூடச் சொல்லிவிட்டேன். இன்னும் பதில் வரவில்லை.