நெட்வொர்க் கார்டு கோளாறுகள்: கேள்வி பதில்

கேள்வி: கேபிளைச் செருகியும் இணையம் வரவில்லை. கணினியின் ஐபி முகவரி 169.254 என்று தொடங்குகிறது. கார்டு பழுதா?

பதில்: ரவுட்டரிடம் முகவரி கேட்டுப் பதில் கிடைக்காதபோது விண்டோஸ் தானாகவே சூட்டிக்கொள்ளும் முகவரி அது, அதை மட்டும் வைத்துக் கார்டைக் குற்றம் சொல்ல இயலாது. கேபிள் செருகும் இடத்திலுள்ள சிறு விளக்கைப் பாருங்கள். அது எரியாவிட்டால், கேபிளையும் ரவுட்டரின் போர்ட்டையும் மாற்றிப் பார்த்த பிறகே கார்டைச் சந்தேகிக்க வேண்டும். எரிந்தும் முகவரி கிடைக்காவிட்டால், அதே கேபிளில் வேறொரு கணினியை இணையுங்கள். அதற்கும் கிடைக்கவில்லையென்றால் கோளாறு கேபிளிலோ ரவுட்டர் பக்கமோ இருக்கிறது.

கேள்வி: 127.0.0.1 முகவரிக்கு பிங் கொடுத்தால் பதில் வருகிறது. கார்டு நலம்தானே?

பதில்: 127.0.0.1 என்பது கணினி தன்னையே குறிக்கும் முகவரி. அதற்குக் கொடுக்கும் பிங் (பதில் வருகிறதா என்று சோதிக்கும் சிறு செய்தி) கார்டைத் தொடுவதே இல்லை. கார்டைக் கழற்றி மேசைமேல் வைத்தாலும் பதில் வரும். ரவுட்டரின் முகவரிக்குக் கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி: டிவைஸ் மேனேஜரில் (விண்டோஸின் சாதனப் பட்டியலில்) மஞ்சள் குறியும் ‘கோட் 10’ என்ற பிழையும் தெரிகின்றன.

பதில்: சாதனம் தொடங்க மறுக்கிறது என்பதே இதன் பொருள், மறுப்பது டிரைவரா (சாதனத்தை இயக்கும் மென்பொருள்), கார்டா என்பதைப் பிரித்தறிய வேண்டும். பென் டிரைவிலிருந்து லினக்ஸை நிறுவாமலே இயக்கிப் பாருங்கள். அங்கே இணைப்பு கிடைத்தால் கார்டு நலமாக உள்ளது. விண்டோஸில் பழைய டிரைவரை நீக்கிவிட்டு, தயாரிப்பாளரின் தளத்திலிருந்து வேறொரு கணினி வழியாகப் புதியதை இறக்கி நிறுவுங்கள். லினக்ஸிலும் கிடைக்காவிட்டால், மின் இணைப்பைத் துண்டித்து, பவர் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்தி எஞ்சிய மின்னூட்டத்தை வெளியேற்றியபின், கார்டை வேறு ஸ்லாட்டில் பொருத்துங்கள். அதற்கும் அசையாத கார்டை மாற்றிவிடலாம். எக்காரணம் கொண்டும் ‘டிரைவர் அப்டேட்டர்’ என்று விளம்பரப்படுத்தப்படும் மென்பொருள்களை நிறுவாதீர்கள்.

கேள்வி: கிகாபிட் கார்டு 100 மெகாபிட்டிலேயே நிற்கிறது. வேகத்தைக் கைமுறையாக நிர்ணயிக்கலாமா?

பதில்: வேண்டாம். கிகாபிட்டுக்குக் கேபிளின் 4 ஜோடிக் கம்பிகளும் தேவை. 100 மெகாபிட்டுக்கு 2 ஜோடியே போதும். ஒரு கம்பி அறுந்திருந்தாலும் இணைப்பு 100 மெகாபிட்டில் நின்றுவிடக்கூடும். கேபிளை மாற்றுங்கள்.

கேள்வி (வேறொருவர்): நான் உடன்படவில்லை. இரு முனைகளும் தாமே பேசி வேகத்தை முடிவுசெய்யும் தானியங்கி அமைப்பை நம்பாமல் கைமுறையாக நிர்ணயிப்பதே உறுதியானது என்பது அனுபவசாலிகளின் கருத்து.

பதில்: 1990களில் அக்கருத்துக்கு நியாயம் இருந்தது, அன்றைய சாதனங்கள் பல தமக்குள் சரிவர ஒத்துப்போகவில்லை. இன்று அதுவே கோளாறை உண்டாக்குகிறது. ஒரு முனையை 100 மெகாபிட், ஃபுல் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் இயலும் முறை) என்று பூட்டிவிட்டால், தானியங்கியில் இருக்கும் மறுமுனை வேகத்தை மட்டுமே உணர முடியும். டூப்ளெக்ஸ் தெரியாததால் விதிப்படி ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு (ஒரு நேரத்தில் அனுப்புவது அல்லது பெறுவது மட்டும்) இறங்கிவிடும். அதன்பின் ஒரு முனை எப்போது வேண்டுமானாலும் அனுப்பும். மறுமுனை அதை மோதலாகக் கருதி நிறுத்தி நிறுத்தி அனுப்பும். பிங் ஒழுங்காக வரும், பெரிய கோப்பை நகலெடுக்கும்போது மட்டும் வேகம் படுத்துவிடும். பலர் நல்ல கார்டைத் தூக்கி எறிவது இந்த இடத்தில்தான்.

கேள்வி (அவரே): இரு முனைகளையும் பூட்டினால்?

பதில்: 100 மெகாபிட்டில் ஒத்துப்போகும், ஆனால் முந்தைய கேள்வியாளர் கேட்டது கிகாபிட். 1999இல் வந்த 1000பேஸ்-டி என்ற கிகாபிட் கேபிள் தரத்தில் தானியங்கிப் பேச்சுவார்த்தை கட்டாயம். தரவு அனுப்பும் நேரத்தை ஒழுங்குபடுத்த எந்த முனையின் கடிகாரத்தை மற்றது பின்பற்றுவது என்பதுகூட அதில்தான் முடிவாகிறது. அனுபவசாலிகள் தங்கள் அனுபவத்தின் ஆண்டையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

கேள்வி: விளக்கு எரியவில்லை. கார்டு போய்விட்டதா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். கேபிள்.

கேள்வி: கணினி ஸ்லீப்பிலிருந்து எழுந்ததும் இணைப்பு இல்லை.

பதில்: டிவைஸ் மேனேஜரில் கார்டின் பவர் மேனேஜ்மென்ட் பகுதிக்குச் சென்று, மின்சாரத்தைச் சேமிக்க இச்சாதனத்தை அணைக்கலாம் என்ற அனுமதியை நீக்குங்கள்.

கேள்வி: டிரைவரைத் தானாகத் தேடித்தரும் இலவச மென்பொருள் ஒன்றைப் பரிந்துரைக்க முடியுமா?

பதில்: முடியாது.

கேள்வி: வைஃபை மெதுவாக இருக்கிறது.

பதில்: இங்கே கம்பி இணைப்பை மட்டுமே பார்க்கிறோம்.

கேள்வி: இடி மின்னலுக்குப் பிறகு, மதர்போர்டிலேயே அமைந்த கார்டு டிவைஸ் மேனேஜரில் தெரியவே இல்லை.

பதில்: பயாஸில் (கணினி தொடங்கும்போது இயங்கும் அடிப்படை மென்பொருளில்) அது அணைக்கப்பட்டிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். அணைக்கப்படவில்லையென்றால், கேபிள் வழியே பாய்ந்த மின்னழுத்தம் அதைப் பொசுக்கியிருக்கலாம். ஒரு யுஎஸ்பி ஈதர்நெட் அடாப்டரே போதும். மதர்போர்டை மாற்றத் தேவையில்லை. ரவுட்டரின் அந்த போர்ட்டும் சேதமடைந்திருக்கக்கூடும் என்பதால், அடாப்டரை வேறு போர்ட்டில் இணையுங்கள்.