லண்டன் லைசென்ஸில் தண்டப் புள்ளி இருக்கிறதா என்று யாழ்ப்பாணத்திலிருந்து பார்க்க முடியுமா?

லண்டனிலிருந்து திரும்பியவரை வான் ஓட்ட எடுக்கிறீர்கள், அவருடைய பிரித்தானிய லைசென்ஸை எப்படிச் சோதிப்பது என்று கேட்கிறீர்கள். சோதிக்கலாம், ஆனால் அவர் ஒத்துழைத்தால்தான். வீதிக் குற்றங்களுக்குப் போடும் தண்டப் புள்ளி எதுவும் கார்டில் தெரியாது; கூட இருந்த பேப்பரையும் 2015இல் நிறுத்திவிட்டார்கள். அவர் டிவிஎல்ஏ (பிரித்தானியாவில் லைசென்ஸ் கொடுக்கும் அரச அமைப்பு) தளத்தில் ஒரு குறியீடு எடுத்துத் தர வேண்டும், அதோடு லைசென்ஸ் இலக்கத்தின் கடைசி 8 எழுத்துகளையும் போட்டால் உங்கள் போனிலேயே விவரம் வரும். குறியீடு 21 நாளைக்குத்தான், அதுவும் ஒருமுறைதான். ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறேன் என்றால் சரி என்று விட்டுவிடாதீர்கள். வேகத்துக்கு விழுந்த 3 புள்ளியை நான் பெரிதாக எடுக்கமாட்டேன். குடித்துவிட்டு ஓட்டியதென்றால் 11 வருடம் பதிவில் நிற்கும், அதைத்தான் தேடுங்கள். அப்புறம், புள்ளியே இல்லையென்றாலும் இங்கே ஓட்ட இலங்கை அனுமதி தனியாக வேண்டும்.