தேனீ விஷம் தோல் கேன்சருக்கு மருந்தா? டீச்சர் கிட்ட கேட்டது

நான் காலேஜ்ல ஃபார்மகாலஜி, அதாவது மருந்து உடம்புல எப்படி வேலை செய்யுங்குற பாடம், எடுக்கேன், வீடு மார்த்தாண்டம் பக்கம், அப்பா காலத்துல இருந்தே வீட்டுல தேன் பெட்டி உண்டு. தேனீ விஷத்தை வச்சு கேன்சர் ஆராய்ச்சி நடக்குன்னு போன வாரம் ரெண்டு வரி எழுதினேன், கேள்வியா குமிஞ்சிட்டு. சேத்து பதில் போடுதேன்.

குலசேகரம், தேன் பெட்டிக்காரர்: டீச்சர், முப்பது வருசமா கொட்டு வாங்குதேன். எனக்கு தோல் கேன்சர் வராதுல்லா?

அண்ணே, அப்படி ஒரு கணக்கும் கிடையாது. கொட்டின எடம் எரியுதுல்லா, அதுக்கு முக்கிய காரணம் மெலிட்டின். அமினோ அமிலம்னா புரதத்தோட மணி மாதிரி, அதுல 26 கோர்த்த குட்டிச் சங்கிலி, காஞ்ச விஷத்துல பாதி அதுதான். செல்லோட சவ்வுல ஒட்டி ஓட்டை போடும், உள்ள உள்ளதெல்லாம் ஒழுகி செல் செத்துப்போவும். மெலனோமான்னா தோலுக்கு நிறம் குடுக்குற செல்லுல வர்ற கேன்சர், லேப் தட்டுல அந்த செல் மேல விட்டா சாகத்தான் செய்யும், பினாயில் ஊத்தினாலும் சாகும்! ரத்தச் சிவப்பணுவையும் அதே மாதிரி உடைக்கும், அதுக்கு ஆள் தெரியாது, அதான் பிரச்சனை. அமெரிக்காவுல வாஷிங்டன் யூனிவர்சிட்டிக்காரங்க 2009ல மெலிட்டினை நானோ துகள்ல, அதாவது கண்ணுக்குத் தெரியாத பொடித் துகள்ல, ஒட்டி எலிக்கு ஏத்தினாங்க, மெலனோமா கட்டி வளர்றது நல்லா குறைஞ்சுது, ரத்தமும் கெடல. ஆனா அது எலி.

களியக்காவிளை: பாம்பு விஷத்துல மாத்திரையே இருக்காமே?

பிரேசில் விரியன் விஷத்தைப் பாத்துப் படிச்சு செஞ்ச கேப்டோப்ரில், 1981ல வந்துது. பிரஷருக்கு உள்ளது, கேன்சருக்கு இல்ல. மாத்திரைக்குள்ள விஷமும் இல்ல, அதோட சூட்சுமத்தை காப்பி அடிச்சது.

அருமனை: டீச்சர், மாமனார் ரப்பர் வெட்டுறவர். குதிகால்ல கறுப்பா ஒண்ணு, வலி இல்ல. தேனீயப் பிடிச்சு அதுல கொட்ட வச்சா போயிரும்னு ஒருத்தர் சொல்லுதாரு.

வேண்டாம் மக்ளே, வேண்டவே வேண்டாம். அலர்ஜி உள்ள ஆளுன்னா ஒரே கொட்டுல மூச்சு நின்னுரும். மெலனோமா வெயில் படுற வெள்ளைக்காரத் தோலுக்கு மட்டும்னு நினைக்காதீங்க, நம்ம மாதிரி நிறத்துக்கு உள்ளங்கால்லயும் நகத்துக்கு அடியிலயும்தான் கூடுதலா வரும், பாடகர் பாப் மார்லிக்கே கால் விரல் நகத்துக்கு அடியிலதான் ஆரம்பிச்சுது. எங்க சித்தப்பாவும் ரப்பர் வெட்டுதான், கால் ஆணின்னு சொல்லி ஒரு வருசம் கார்ன் கேப் ஒட்டிக்கிட்டு, பிளேடு வச்சு சீவிக்கிட்டு இருந்தாரு. ஓரம் கோணல்மாணலா, ஒரு பக்கம் கறுப்பு ஒரு பக்கம் காப்பிக்கலர், மூணு மாசத்துல பட்டன் சைஸ்ல இருந்து ஒரு ரூபா நாணயம் அளவு ஆயிட்டு. இதெல்லாம் மெலனோமாவான்னு சந்தேகப்பட வேண்டிய அடையாளம். மெலனோமா தோலுக்குள்ள போற ஆழம் மில்லிமீட்டர் கணக்கு, 1 மில்லிமீட்டர் தாண்டுச்சா இல்லையாங்கதே பெரிய வித்தியாசம். சீவாம, தடவாம, இந்த வாரமே ஸ்கின் டாக்டர்ட்ட காட்டுங்க, பயாப்ஸி, அதாவது துளி சதை எடுத்து டெஸ்ட் பண்ணணும்னு சொன்னா பயப்படாதீங்க.

குழித்துறை: கொசுத்தேன், அந்தக் கொட்டாத குட்டித் தேனீயோட தேன், தடவலாமா?

தோசைக்குத் தொட்டுக்கோங்க.

அருமனை: டீச்சர், நாளைக்குக் கூட்டிட்டுப் போறோம். செருப்பு மட்டும் போட மாட்டேங்காரு.

அது அப்புறம் பாப்போம், முதல்ல காலைக் காட்டச் சொல்லுங்க.